அங்க இப்ப எத்தினை மணி?

1996ஆம் ஆண்டு அக்டோபரின் கடைசி வார இறுதி. தென் லண்டனில் ஸ்ட்ரெதம் என்ற ஊரில் குடியிருந்த ஒரு தமிழ்க் குடும்பம் வெள்ளிக்கிழமை காலை கொழும்புக்குத் தொலைபேசி எடுத்திருந்தால் இரண்டு இடத்து மணிக்கூடுகளுக்கும் இடையில் ஐந்தரை மணி நேர வித்தியாசம் இருந்திருக்கும். சனிக்கிழமை எடுத்திருந்தால் ஐந்து மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை எடுத்திருந்தால் ஆறு மணி நேரம். மூன்று நாள், மூன்று கணக்கு.

26ஆம் தேதி இலங்கை அரசு தன் மணிக்கூட்டை அரை மணி நேரம் பின்னுக்குத் தள்ளியது. 27ஆம் தேதி பிரிட்டன் கோடைகால நேரத்தை முடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் பின்னுக்குப் போனது. அதே குடும்பத்தின் இன்னொரு கிளை வன்னியில், புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் இருந்திருந்தால் அங்கே கணக்கு வேறு. வெள்ளியும் சனியும் நாலரை மணி நேரம், ஞாயிறு முதல் ஐந்தரை. ஏனென்றால் அங்கே யாரும் முள்ளைத் தொடவே இல்லை.

பூமி அந்த மூன்று நாளும் வழக்கம்போலத்தான் சுழன்றது. கொழும்பில் சூரியன் எழுந்ததிலும் ஸ்ட்ரெதமில் விழுந்ததிலும் சில நிமிட மாற்றத்துக்கு மேல் இல்லை. மாறியதெல்லாம் மனிதர் வைத்துக்கொண்ட எண்கள். ஓர் ஊரின் மணிக்கூடு சூரியன் எங்கே நிற்கிறது என்று சொல்வதைவிட, அந்த ஊர் யாரோடு சேர்ந்து நடக்கிறது என்பதைத்தான் அதிகம் சொல்கிறது. இதை விளங்கிக்கொள்ள ஸ்ட்ரெதமையும் வன்னியிலுள்ள கிளிநொச்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுபோல நல்ல வழி வேறில்லை.

முதலில் சூரியனிடமே கேட்போம். கிரீனிச் வானாய்வகத்தில் 1851இல் ஜார்ஜ் எய்ரி நிறுவிய தொலைநோக்கி எந்தக் கோட்டில் நின்றதோ, அந்தக் கோடுதான் 1884இல் வாஷிங்டனில் கூடிய மாநாட்டில் உலகத்தின் பூச்சிய நெடுங்கோடாக ஏற்கப்பட்டது. ஸ்ட்ரெதம் அந்தக் கோட்டுக்கு மேற்கே சுமார் 9 கிலோமீட்டரில் இருக்கிறது. பாகைக் கணக்கில் 0.13. பூமி ஒரு பாகை திரும்ப நான்கு நிமிடம் எடுக்கும். ஆகவே கிரீனிச்சின் உச்சிப்பொழுது ஸ்ட்ரெதமுக்கு வந்துசேர ஏறக்குறைய 31 வினாடி ஆகும். அந்த அகலக்கோட்டில் உச்சிப்பொழுது நிலத்தின் மேல் வினாடிக்கு 290 மீட்டர் வேகத்தில் மேற்கே ஓடுகிறது. கிளிநொச்சியில் அதே உச்சிப்பொழுது வினாடிக்கு 457 மீட்டர் ஓடும். பூமியின் நடுவயிற்றுக்கு அருகில் சுற்றளவு பெரிது, சுற்றும் நேரமோ எல்லோருக்கும் ஒன்று. அதனால்தான் இந்த வேறுபாடு.

கிளிநொச்சி 80.4 பாகை கிழக்கில் இருக்கிறது. அதன் சொந்தச் சூரிய நேரம் கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 36 வினாடி முந்தியது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் கட்டிய வானாய்வகத்தை இங்கே கொண்டுவர வேண்டும். அந்தக் கட்டடம் இப்போது இல்லை. தொலைநோக்கியைத் தாங்கி நின்ற கருங்கல் தூண் மட்டும் இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது, பிற மொழிகளோடு தமிழிலும் எழுத்துப் பொறித்தபடி. அந்த வானாய்வகம் கணித்த நேரம்தான் சென்னை நேரம். கிரீனிச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய ரயில்கள் பெரும்பாலும் இந்த நேரத்தை வைத்துத்தான் ஓடின. இப்போது இரண்டு கணக்கையும் ஒப்பிடுங்கள். கிரீனிச்சுக்கும் ஸ்ட்ரெதமுக்கும் அரை நிமிடம். சென்னை வானாய்வகத்துக்கும் கிளிநொச்சிக்கும் அரை நிமிடம். இரண்டு ஊர்களும் தத்தம் பெரிய வானாய்வகத்துக்கு ஏறத்தாழ ஒரே தொலைவில், சூரியக் கணக்கில், குடியிருக்கின்றன. நடுவில் கடல் இருப்பதையும் நாட்டு எல்லை இருப்பதையும் சூரியன் கணக்கில் எடுப்பதில்லை.

இந்த அரை நிமிடத்தைப் பற்றி ஒரு காலத்தில் யாரும் கவலைப்பட்டதில்லை. ஸ்ட்ரெதமின் புனித லெனார்ட் தேவாலயக் கோபுரம் 14ஆம் நூற்றாண்டுக் கட்டுமானம். மணியோசை எட்டும் தூரம்வரைதான் ஓர் ஊரின் நேரம் என்று இருந்த நாட்களில் அதுவே போதுமாக இருந்தது. ரயில் வந்ததும் அது போதவில்லை. பிரிஸ்டல் நகரத்தின் சூரியன் லண்டனுக்குப் பத்து நிமிடம் பிந்தியது. அந்த ஊரின் தானியச் சந்தைக் கட்டடத்தில் உள்ள மணிக்கூட்டுக்கு இன்றும் இரண்டு நிமிட முட்கள் உண்டு: ஒன்று ஊர் நேரம், மற்றது லண்டன் நேரம். 1840இல் மேற்கு ரயில் நிறுவனம் லண்டன் நேரத்தை ஏற்றது. 1847இல் மற்ற ரயில் நிறுவனங்களுக்கும் அதுவே பரிந்துரையானது. ஸ்ட்ரெதம் ஹில் நிலையம் திறந்தது 1856இல். எனவே அந்த ஊருக்கு ரயில் வந்தபோதே கிரீனிச் நேரத்தையும் சுமந்துகொண்டுதான் வந்தது. சட்டம் மெதுவாகத்தான் வந்தது. பிரிட்டன் முழுவதற்கும் கிரீனிச் நேரமே சட்டப்படியான நேரம் என்று நாடாளுமன்றம் சொன்னது 1880 ஆகஸ்டில்.

இந்த இடத்தில் ஒரு பெண்ணைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. ரூத் பெல்வில். பிற்காலத்தில் தென் லண்டனின் பெடிங்டனில், ஸ்ட்ரெதமுக்குத் தெற்கே சில மைலில், வாழ்ந்தவர். கைப்பையில் ஒரு பழைய கடிகாரம் வைத்திருந்தார். ஜான் ஆர்னல்டு என்ற பெயர்பெற்ற கைவினைஞர் செய்தது என்பதால் அதை ஆர்னல்டு என்றே அழைப்பார். கிரீனிச் வானாய்வக வாசலுக்குப் போய், அதைச் சரியான நேரத்தோடு ஒப்பிட்டுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு, லண்டனின் கடிகாரக் கடைகளுக்கும் வாடிக்கை வீடுகளுக்கும் நடந்து போய், அந்த நேரத்தைக் காட்டிக் காசு வாங்குவார். தந்தை 1836இல் தொடங்கிய தொழில். தந்தைக்குப் பின் தாய், தாய்க்குப் பின் 1892 முதல் மகள். தந்தி வழியாக நேரம் வந்த பிறகும், 1924இல் பிபிசி வானொலி ‘பிப்’ ஒலிகளை அனுப்பத் தொடங்கிய பிறகும், 1940வரை ரூத் நடந்துகொண்டே இருந்தார். நேரம் என்பது ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும் பொருளாக இருந்த காலத்தின் கடைசி ஆள் அவர்தான்.

கிளிநொச்சிப் பக்கத்திலும் ரயிலும் நேரமும் ஏறக்குறைய சேர்ந்தே வந்தன. கொழும்பிலிருந்து வடக்கே போகும் பாதை முழுமையாக இணைந்தது 1905இல். 1906 ஜனவரி முதல் நாள் இந்தியா கிரீனிச்சுக்கு ஐந்தரை மணி நேரம் முந்திய நேரத்துக்கு மாறியபோது இலங்கையும் அதே நேரத்தை எடுத்துக்கொண்டது. 82.5 பாகை நெடுங்கோட்டின் நேரம் அது. கிளிநொச்சியின் சூரியனைவிட எட்டு நிமிடம் மட்டுமே முந்தியது. எந்த விவசாயிக்கும் அது உறுத்தியிருக்காது.

இரண்டு ஊருக்கும் இன்னோர் ஒற்றுமை உண்டு. இரண்டுமே ஒரு நெடுஞ்சாலையின் மேல் வளர்ந்தவை. ஸ்ட்ரெதமின் முதுகெலும்பு ஏ23, லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரைக்குப் போகும் சாலை. ரோமானியர் காலத்துத் தடம் அதன் அடியில் கிடக்கிறது. பேருந்துகள், சிகை அலங்காரக் கடைகள், பல நாட்டுச் சமையல்கள், மேலே அடுக்குக் குடியிருப்புகள் என்று அந்தச் சாலை நீண்டுகொண்டே போகும். பக்கத்து ஊரான டூட்டிங்கில் தமிழ்க் கடைகள் வரிசையாக இருப்பதால், ஸ்ட்ரெதமில் குடியிருக்கும் தமிழருக்கு முருங்கைக்காயும் ஒடியல் மாவும் ஒரு பேருந்துத் தூரம்தான். கிளிநொச்சியின் முதுகெலும்பு ஏ9, கண்டியிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போகும் சாலை. யாழ்ப்பாணத்தின் நெருக்கத்தைக் குறைக்க 1930களில் குடியேற்றத் திட்டமாகத் தொடங்கிய ஊர் அது. இரணைமடுக் குளத்தின் நீரை நம்பி விளையும் வயல்கள், சாலையின் இருமருங்கும் கடைகள், உழவு இயந்திரங்கள், ஈருருளிகளில் பிள்ளைகள்.

ஆனால் வெளிச்சம் என்று வந்தால் இந்த இரண்டு ஊரும் இரண்டு வேறு கோள்கள் போல இருக்கின்றன. மணிக்கூட்டு வித்தியாசத்தைவிட இதுதான் பெரியது. புலம்பெயர்ந்து வந்தவர் உடம்பு முதலில் உணர்வதும் இதைத்தான்.

டிசம்பர் 21ஐ எடுத்துக்கொள்வோம். ஸ்ட்ரெதமில் சூரியன் காலை 8.04க்கு எழும், மாலை 3.53க்கு விழும். பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. நண்பகலில் சூரியன் அடிவானத்துக்கு மேல் 15 பாகைதான் ஏறும். தெளிவான நாளில் ஸ்ட்ரெதம் காமன் புல்வெளியில் நின்றால், நண்பகலிலேயே உங்கள் நிழல் உங்களைப்போல மூன்றரை மடங்குக்கு மேல் நீளமாகக் கிடக்கும். பள்ளி விட்டுப் பிள்ளைகள் பேருந்துக்கு வரிசையில் நிற்கும்போதே தெரு விளக்குகள் எரியத் தொடங்கும். ஜூன் 21இல் அதே இடத்தில் சூரியன் அதிகாலை 4.43க்கு எழுந்து இரவு 9.21க்கு விழும். பகல் 16 மணி 38 நிமிடம். விழுந்த பிறகும் சூரியன் ஆழமாக இறங்குவதில்லை, அடிவானத்துக்குக் கீழே சாய்வாகப் பதுங்கியே நகர்கிறது. மே கடைசி வாரத்திலிருந்து ஜூலை மூன்றாம் வாரம்வரை அங்கே வானியலாளர் கணக்கில் முழு இருட்டு வருவதே இல்லை.

கிளிநொச்சியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். 12 மணி 40 நிமிடம் ஒன்று, 11 மணி 34 நிமிடம் மற்றது. சூரியன் செங்குத்தாக எழுந்து செங்குத்தாக விழுகிறது. அதனால் அந்தி மயங்கும் நேரமும் குறைவு. விழுந்து இருபது இருபத்தைந்து நிமிடத்தில் விளக்கு வேண்டும். ஸ்ட்ரெதமின் ஜூன் மாத அந்தி அதைப்போல இரண்டு மடங்கு நீளும். ‘பொழுதுபட வீட்டுக்கு வா’ என்று கிளிநொச்சியில் ஒரு தாய் சொன்னால் அதற்கு ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே பொருள். ஸ்ட்ரெதமில் அதே சொல் டிசம்பரில் மாலை நான்கு மணி, ஜூனில் இரவு ஒன்பதரை. அங்கே பிள்ளை வளர்க்கிறவர்கள் பொழுதை விட்டுவிட்டு மணிக்கூட்டைப் பார்த்துத்தான் பேசவேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிளிநொச்சி 9.4 பாகை வடக்கில் இருக்கிறது. சூரியன் வடக்கே போய்த் திரும்பும்போது ஆண்டுக்கு இருமுறை அந்த ஊரின் நேர் உச்சியில் நிற்கும். இரண்டாவது முறை ஆகஸ்ட் 28, 29 அளவில். முதல் முறை ஏப்ரல் 14 அளவில், அதாவது சித்திரை முதல் நாளை ஒட்டி. அன்று நண்பகலில் நட்டு வைத்த கம்புக்கு நிழல் இருக்காது. ஆண்டுப் பிறப்பன்று சூரியன் தலைக்கு நேரே நிற்கும் அகலக்கோட்டில் வன்னி இருப்பது எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது. ஸ்ட்ரெதமில் சூரியன் ஒருபோதும் உச்சிக்கு வராது. ஜூன் நடுப்பகலில்கூட 62 பாகைக்கு மேல் ஏறாது.

ஸ்ட்ரெதமின் வெளிச்சம் இப்படி ஆண்டு முழுவதும் விரிந்து சுருங்குவதால்தான் அந்த நாட்டுக்காரர்கள் மணிக்கூட்டைத் திருகும் யோசனைக்கே போனார்கள். தென்கிழக்கு லண்டனில் வீடு கட்டும் தொழில் செய்த வில்லியம் வில்லட், கோடை அதிகாலையில் எல்லோரும் திரைச்சீலையை மூடித் தூங்கிக்கொண்டிருக்க வெளிச்சம் வீணாகிறதே என்று 1907இல் ஒரு சிறு நூல் எழுதினார். ஏப்ரல் மாதத்தின் நான்கு ஞாயிறுகளில் இருபது இருபது நிமிடமாக முள்ளை முன்னே தள்ளலாம் என்பது அவர் திட்டம். 1915இல் அவர் இறந்தார். மறு ஆண்டு மே மாதம், போர்க்கால நிலக்கரிச் சிக்கனத்துக்காக, ஜெர்மனியைப் பின்பற்றி பிரிட்டனும் ஒரு மணி நேரம் முன்னே போனது. 1968 முதல் 1971வரை ஆண்டு முழுவதும் அப்படியே வைத்துப் பார்த்தார்கள். டிசம்பரில் ஸ்ட்ரெதமில் சூரியன் ஒன்பது மணிக்குப் பிறகு எழுந்தது. பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்குப் போவது குறித்த அச்சம் வலுத்தது. நாடாளுமன்றம் 366க்கு 81 என்ற வாக்கில் அதைக் கைவிட்டது. இப்போது மார்ச் கடைசி ஞாயிறு முன்னே, அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னே.

பகலின் நீளம் பெரிதாக மாறாத கிளிநொச்சிக்கு இந்தத் திருகலால் என்ன பயன்? ஏறக்குறைய எதுவும் இல்லை. வில்லட் மிச்சம் பிடிக்க நினைத்த அதிகாலை வெளிச்சம் 9 பாகை அகலக்கோட்டில் கிடையவே கிடையாது. இருந்தும் இலங்கை 1996 மே 25 அன்று முள்ளை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. மழை பொய்த்து, நீர்மின் நிலையங்களின் தேக்கங்கள் வற்றி, நாட்டில் மின்வெட்டு கடுமையாக இருந்த ஆண்டு அது. மாலையில் விளக்குப் போடும் நேரத்தைத் தள்ளிப்போட்டால் மின்சாரம் மிஞ்சும் என்று எண்ணினார்கள். கிரீனிச்சுக்கு ஆறரை மணி நேரம் முந்திய நேரம் அது, மியன்மாரின் நேரம். சூரியன் கொழும்பின் மேல் நிற்க, மணிக்கூடு ரங்கூனில் நின்றது. காலையில் ஏழு மணிக்கு அப்போதுதான் பொழுது விடிந்தது. பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் வீடுகளில் முணுமுணுப்பு எழுந்தது. ஐந்தே மாதத்தில், நான் தொடக்கத்தில் சொன்ன அந்த அக்டோபரில், பாதி வழி பின்னே வந்து ஆறு மணி நேரத்தில் நிறுத்தினார்கள். அந்த அரைகுறை நேரம் பத்து ஆண்டு நீடித்தது.

புலிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அவர்கள் கட்டுப்பாட்டில் இருந்த நிலத்தில் 1906இன் ஐந்தரை மணி நேரமே தொடர்ந்தது. காரணம் அரசியல் என்பதில் ஐயமில்லை. அதோடு, அவர்கள் வைத்திருந்த நேரம்தான் அந்த மண்ணின் சூரியனுக்கு நெருங்கியது என்பதும் உண்மை. எட்டு நிமிட வித்தியாசத்துக்கு எதிரே அரசு நேரத்தின் வித்தியாசம் 38 நிமிடம்.

கிளிநொச்சி 1996 செப்டம்பரில் ராணுவத்திடம் போய், 1998 செப்டம்பரில் மீண்டும் புலிகளிடம் வந்தது. 2002 பிப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகி, அந்த ஆண்டு ஏ9 திறந்தது. இப்போது அந்தச் சாலையில் ஒரு பயணத்தை எண்ணிப் பாருங்கள். வவுனியாவில் ஏறுகிறீர்கள். ஓமந்தையில் ராணுவச் சோதனைச் சாவடி. இறங்கி, பைகளைத் திறந்து காட்டி, அடையாள அட்டை காட்டி, மனிதர் இல்லாத நிலத்தைக் கடந்து, புளியங்குளத்தில் புலிகளின் சாவடி. மறுபடி பைகள், படிவங்கள். அதைக் கடந்ததும் கைக்கடிகாரம் அரை மணி நேரம் முந்தியதாகிவிடும். மாங்குளம், கிளிநொச்சி, ஆனையிறவு, பளை. முகமாலையில் மறுபடி ராணுவ எல்லை, மறுபடி அரசு நேரம், பிறகு யாழ்ப்பாணம். நூறு கிலோமீட்டருக்கும் குறைந்த நிலம், உள்ளே போகவும் வெளியே வரவும் இரண்டு நேர மாற்றம். உலகில் நேர வலயங்கள் கிழக்கு மேற்காகத்தான் மாற வேண்டும். இங்கே தெற்கிலிருந்து வடக்கே போனால் மாறியது. வவுனியாவின் சூரியனுக்கும் யாழ்ப்பாணத்தின் சூரியனுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் இரண்டே நிமிடம்.

‘பழைய நேரமா, புது நேரமா?’ என்ற கேள்வி அப்போது பேச்சோடு பேச்சாக ஓடியது. வீட்டில் தொலைபேசி இல்லாதவர்கள் கடைத்தெருவில் இருந்த தொலைத்தொடர்பு நிலையத்துக்கு வந்து, வெளிநாட்டு அழைப்புக்காக மர வாங்கில் காத்திருப்பார்கள். இன்ன மணிக்கு எடுக்கிறேன் என்று லண்டனிலிருந்து சொல்லி வைத்தால் அது எந்த நேரத்தில் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஸ்ட்ரெதமிலோ டூட்டிங்கிலோ கடையில் வாங்கிய தொலைபேசி அட்டையின் எண்ணைச் சுரண்டிப் பார்த்துச் சுழற்றுகிறவருக்கு மனதில் நான்கு கணக்கு இருக்க வேண்டும். வன்னிக்குக் குளிர்காலத்தில் ஐந்தரை, கோடையில் நாலரை. வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் குளிர்காலத்தில் ஆறு, கோடையில் ஐந்து. சின்னம்மா ஒரு பக்கம், பெரியப்பா மறு பக்கம் என்று பிரிந்து கிடந்த குடும்பங்களில், இந்த நான்கு எண்ணும் யாரும் உட்கார்ந்து படிக்காமலே மனப்பாடம்.

வானொலி இன்னும் துல்லியமான சாட்சி. லண்டன் புஷ் ஹவுஸிலிருந்து பிபிசி தமிழோசை கிரீனிச் நேரம் 15.45க்கு ஒலிபரப்பானது, அரை மணி நேர நிகழ்ச்சி. கிளிநொச்சியில் அப்போது இரவு 9.15. வவுனியாவில் 9.45. ஓமந்தைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே குரலை ஒரே கணத்தில் கேட்டார்கள். ஆனால் கிளிநொச்சி மணிக்கூட்டில் நிகழ்ச்சி முடிந்த எண் எதுவோ அதே எண்தான் வவுனியா மணிக்கூட்டில் நிகழ்ச்சி தொடங்கிய எண். டிசம்பரில் அந்தக் குரல் புஷ் ஹவுஸை விட்டுக் கிளம்பும்போது, சில மைல் தெற்கே ஸ்ட்ரெதமில் சூரியன் விழ இன்னும் எட்டு நிமிடம் இருக்கும். தமிழோசையின் அந்தச் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30உடன் நின்றுவிட்டது.

2006இல் இலங்கை அரசு பழைய நேரத்துக்கே திரும்பியது. நாள் பார்த்துத்தான் திரும்பினார்கள். சித்திரைப் புத்தாண்டு முடிந்த நள்ளிரவு, ஏப்ரல் 15. சோதிடர்களும் பிக்குகளும் பல ஆண்டாகக் கேட்டுவந்ததும் அதுதான். சூரியன் வன்னியின் தலைக்கு மேல் நிற்கும் அந்த நாட்களில், பத்து ஆண்டுக்குப் பிறகு, தீவின் எல்லா மணிக்கூடுகளும் ஒரே எண்ணைக் காட்டின. ஆகஸ்டில் முகமாலையில் சண்டை மூண்டு ஏ9 மூடப்பட்டது. நேரம் ஒன்றானது, பாதை போனது. அடுத்த மூன்றாண்டில் அந்த மண்ணில் நடந்தவை எந்தக் கடிகாரக் கணக்கிலும் அடங்காதவை. யாழ்தேவி ரயில் மறுபடி கிளிநொச்சி நிலையத்தில் நின்றது 2013 செப்டம்பரில்.

ஸ்ட்ரெதமுக்குத் திரும்புவோம். ரயிலும் அரசும் போரும் வைத்த நேரங்களைப் பார்த்தோம். இவற்றில் எதையும் கேட்காமல் சூரியனை மட்டுமே கேட்கும் ஒரு நேரத்தைத் தமிழ் வீடுகள் லண்டனுக்கும் கொண்டுவந்திருக்கின்றன. ராகு காலம். நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது வேறு பேச்சு. அதன் கணக்கு அழகானது. சூரியன் எழுவதிலிருந்து விழுவதுவரை உள்ள பகலை எட்டாகப் பிரித்து, கிழமைக்கு ஒரு பங்கை ஒதுக்குவது. காலை ஆறு, மாலை ஆறு என்று வைத்துக்கொண்டால் ஒரு பங்கு ஒன்றரை மணி நேரம், வெள்ளிக்கு நான்காவது பங்கு, 10.30 முதல் 12வரை. தினசரி நாட்காட்டித் தாளில் அச்சாகி வருவது இதுதான். கிளிநொச்சியில் அது பெருமளவு பொருந்தும். ஒரு பங்கு அங்கே ஆண்டு முழுவதும் 87 நிமிடத்துக்கும் 95 நிமிடத்துக்கும் இடையில்தான் இருக்கும்.

ஸ்ட்ரெதமில் அந்தத் தாளைச் சுவரில் மாட்டி அப்படியே பின்பற்றினால் கணக்கு பிசகிவிடும். அங்கே டிசம்பர் நடுவில் பகலின் எட்டில் ஒரு பங்கு 59 நிமிடம், ஜூன் நடுவில் இரண்டு மணி 5 நிமிடம். வெள்ளிக்கிழமை ராகு காலம் டிசம்பரில் 11 மணிக்குத் தொடங்கி 11.59க்கு முடியும். ஜூனில் 10.57க்குத் தொடங்கி மதியம் 1.02வரை நீளும். தொடங்கும் எண் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்க, முடியும் எண் ஒரு மணி நேரம் விலகுவது ஏன்? வெள்ளியின் பங்கு பகலின் முதற்பாதியின் கடைசித் துண்டு. ஆகவே அது எப்போதும் அந்த ஊரின் உண்மையான உச்சிப்பொழுதில்தான் முடியும். வில்லட்டின் ஒரு மணி நேரம் இருக்கிறது பாருங்கள், அதுதான் 11.59க்கும் 1.02க்கும் நடுவே வந்து உட்கார்ந்திருக்கிறது. மிச்சம் மூன்று நிமிடம், பூமி சூரியனைச் சுற்றும் வேகம் ஆண்டு முழுவதும் சீராக இல்லாததாலும் அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும் வருவது. இதே காரணத்தால்தான் பிப்ரவரி நடுவில் ஸ்ட்ரெதமின் உச்சிப்பொழுது 12.15க்கும், நவம்பர் தொடக்கத்தில் 11.44க்கும் வருகிறது. கிளிநொச்சியிலும் இதே ஊசலாட்டம் உண்டு, அங்கே 12.22க்கும் 11.52க்கும் இடையில்.

திதியின் கணக்கு இதற்கு நேர் எதிரானது. சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலுள்ள கோணத்தை வைத்து அது பிறப்பதால், ஒரு திதி முடியும் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்றே. குளிர்காலத்தில் கிளிநொச்சியில் சனிக்கிழமை அதிகாலை மூன்று மணிக்கு ஓர் ஏகாதசி முடிந்தால், ஸ்ட்ரெதமில் அது வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரைக்கே முடிந்துவிடும். விரதத்துக்கு எந்த நாள் என்பதைச் சூரிய உதயத்தில் என்ன திதி இருக்கிறது என்று பார்த்துத்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறார்கள். கிளிநொச்சியில் உதயம் ஆறரைக்கு, ஸ்ட்ரெதமில் எட்டுக்கு. ஒரே திதி இங்கே ஓர் உதயத்தைத் தொடும், அங்கே தொடாமல் நழுவும். அதனால்தான் அம்மா ஊரில் விரதம் பிடித்த நாளுக்கு மறுநாளோ முதல் நாளோ மகள் லண்டனில் பிடிக்க நேர்கிறது. லண்டன் கோயில்கள் அந்த ஊர் உதயத்துக்குக் கணித்த நாட்காட்டியைத் தனியாக அச்சிட்டுக் கொடுப்பதும் அதற்காகத்தான்.